வெளிச்சத்துக்கு ஒரு பல்பு, சூட்டுக்கு ஒரு பல்பு!

போன மார்கழியில் ஒருநாள் காலை. திருமுல்லைவாயலிலிருந்து ஒரு அம்மா தன் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தார். குழந்தையின் வலது கையில், விரல்களிலும் உள்ளங்கையிலும் வெள்ளை வெள்ளையாக டூத் பேஸ்ட் அப்பியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் கோழிக்குஞ்சால வந்தது டாக்டர்..." என்று ஆரம்பித்தார்.

ஆவடி மார்க்கெட் பக்கம் கூடையில் வைத்துப் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று சாயம் போட்ட குஞ்சுகளை விற்றிருக்கிறார்கள். குழந்தை அடம் பிடித்ததால் பத்து குஞ்சு வாங்கியாயிற்று. வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் பழைய பேப்பர். "குஞ்சுக்கு லைட்டு போடணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டுக்காரர் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்.

"வெளிச்சம் பளிச்சுனுதான் இருந்துச்சு டாக்டர். காலையில பார்த்தா ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சு, ஆறு செத்துக் கிடந்துச்சு. பாப்பா ஒரே அழுகை."

மறுநாள் மனிதர் கடைக்குப் போய் 200 வாட் குண்டு பல்பு வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். சூடு வெளியே போகக் கூடாதென்று பெட்டியின் மேல் ஒரு பழைய புடவையையும் போர்த்திவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்குக் கருகல் வாசனை. மற்றவர்கள் எழுவதற்குள் குழந்தை ஓடிப்போய், குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டுமே என்று பல்பைக் கையால் பிடித்துத் தள்ளியிருக்கிறது. புடவை புகைந்ததோடு போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்த அறையே எரிந்திருக்கும்.

முதல் ராத்திரி போட்டது சூடே இல்லாத பல்பு. இரண்டாம் ராத்திரி போட்டது கட்டுப்பாடே இல்லாத சூடு. இரண்டுக்கும் காரணம் ஒரே குழப்பம்தான். நம் வீட்டில் வெளிச்சத்துக்கு வேண்டிய பல்பு வேறு, சூட்டுக்கு வேண்டிய பல்பு வேறு. நம் அப்பா, தாத்தா காலத்தில் இந்தப் பிரச்னை இல்லை. ஒரே குண்டு பல்புதான் இரண்டு வேலையையும் பார்த்தது.

குண்டு பல்பு உண்மையில் ஒரு சின்ன அடுப்பு

கண்ணாடிக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி ஒளிர்கிறது. அது வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 5 பங்குதான் வெளிச்சம், மீதி 95 பங்கும் வெப்பம். விளக்காகப் பார்த்தால் இது வீண் செலவு. குஞ்சுக்கோ அந்த வீண்தான் உயிர். எல்.இ.டி. இதற்கு நேர்மாறு. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்டிலேயே தந்துவிடுகிறது. அதில் உண்டாகும் கொஞ்சநஞ்சச் சூடும் பல்பின் கழுத்துப் பக்கம் போய்விடும், கீழே குஞ்சு மேல் விழாது.

2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. விலை மளமளவென்று இறங்கி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தக் கடைக்குப் போனாலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் 'பல்பு என்றால் சூடு' என்ற பழைய நினைப்பு மட்டும் நம் மனசை விட்டுப் போகவில்லை.

குஞ்சுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

பொரித்த குஞ்சுக்கு உடம்பில் இருப்பது மெல்லிய பஞ்சு ரோமம்தான். இறகு முளைக்கும் வரை தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. தாய்க்கோழி இருந்தால் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும். தாய் இல்லாத குஞ்சுக்கு நாம்தான் தாய். முதல் வாரம் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம்.

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது கோழிப் பண்ணைகளில் சொல்லும் கணக்கு. ஐம்பது, நூறு என்று வளர்க்கும்போது இது சரியாக வரும். வீட்டில் பத்து குஞ்சுக்கு 20 வாட் என்று போட்டால் மார்கழிக் குளிருக்குப் போதாது. கூட்டம் சின்னதாக இருந்தால் ஒன்றை ஒன்று அணைத்துக் கிடைக்கும் சூடும் குறைவு. என் அனுபவத்தில் பத்து குஞ்சுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு, ரொம்பக் குளிரான இரவில் 60 வாட். இரண்டு ஹோல்டர் போட்டு இரண்டு 40 வாட் மாட்டுவது அதைவிட நல்லது. நடுராத்திரியில் ஒன்று ஃப்யூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். 100, 200 எல்லாம் வீட்டுப் பெட்டிக்கு வேண்டவே வேண்டாம். பண்ணைகளில் பார்க்கும் 250 வாட் சிவப்பு இன்ஃப்ரா ரெட் பல்பை வீட்டுக்குள் கொண்டுவர நினைக்கவே நினைக்காதீர்கள்.

தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாடி பார்க்கிற மாதிரி குஞ்சுகளைப் பார்க்கப் பழகினால் போதும். பல்புக்கு நேர் கீழே முண்டியடித்துக் குவிந்து விடாமல் கீச்கீச்சென்று கத்தினால் குளிர்கிறது. சுவரோரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து, எழுந்து, தின்றுகொண்டு இருந்தால் சரியாக இருக்கிறது. எல்லாக் குஞ்சும் ஒரே பக்கமாக ஒதுங்கினால், எதிர்ப்பக்கம் ஜன்னலிலிருந்து குளிர்காற்று வருகிறதா என்று பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பகல் சூடு சில நாள் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அப்போதும் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று பகலெல்லாம் பல்பு எரித்தால் குஞ்சு வெந்துவிடும். அந்த மாதங்களில் பகலில் அணைத்துவிடுங்கள், விடியற்காலைக்கு மட்டும் பார்த்துப் போட்டால் போதும்.

அட்டைப்பெட்டி வேண்டாம்

60 வாட் குண்டு பல்பின் கண்ணாடிச் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதாவது கொதிக்கிற தண்ணீரைவிட அதிகம். அதன் மேல் துணி போர்த்தினால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், துணி கருகும், பிறகு பற்றும். அட்டைப்பெட்டியும் பேப்பரும் உமியும் அடுத்தடுத்துத் தயாராக இருக்கின்றன!

ஒரு பழைய பெரிய பிளாஸ்டிக் டப், அல்லது வட்டமாக வளைத்த தகரம் போதும். வட்டம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் போய்க் குவியும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். அந்த அம்மா வீட்டில் நடந்ததும் அதுதான். கீழே இரண்டு அங்குலம் உமி. மேலே மூட வேண்டுமானால் கம்பி வலை போடுங்கள், துணி வேண்டாம்.

பல்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் நாள்பட்ட சூட்டில் இளகிவிடும், பீங்கான் ஹோல்டரே நல்லது. முக்கியமான விஷயம், பல்பை ஒயரிலேயே தொங்கவிடக் கூடாது. ஒயர் மின்சாரத்துக்கு, கனத்தைத் தாங்குவதற்கு இல்லை. ஒரு சின்னச் சங்கிலியிலோ கட்டுக்கம்பியிலோ இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். பல்பைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு இருந்தால், விழுந்தாலும் கண்ணாடி உமியைத் தொடாது. ஒட்டுப்போட்ட ஒயர், செல்லோ டேப் சுற்றிய இணைப்பு, பிளக் இல்லாமல் தீக்குச்சி சொருகி வைப்பது... இதெல்லாம் இன்னும் எத்தனை வீட்டில் பார்க்கிறேன் தெரியுமா? தகர டப்பா, தகரக் குடை என்றால் மூன்று பின் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஷாக் அடித்தால் கண் சிமிட்டும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான்.

தண்ணீர்க் கிண்ணம் பல்புக்கு நேர் கீழே வேண்டாம். குஞ்சு சிலிர்க்கும்போது தெறிக்கிற ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், சூடான கண்ணாடி 'டப்'பென்று வெடிக்கும்.

'உடையாத பல்பு' என்றால் உஷார்!

இப்படி வெடிப்பதைத் தடுக்கத்தான் வெளிநாடுகளில் 'உடையாத பல்பு' என்று ஒரு ரகம் செய்கிறார்கள். கண்ணாடி மேல் ஒரு பூச்சு. உடைந்தாலும் சில்லு சிதறாது. ஹோட்டல் சமையலறைகளுக்காக வந்த யோசனை. இந்தப் பூச்சு பல நேரங்களில் பி.டி.எஃப்.இ., அதாவது நம் நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே டெஃப்லான். இப்போது ஆன்லைனில் எந்த நாட்டுப் பல்பும் வீட்டு வாசலுக்கு வருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெஃப்லான் 260 டிகிரி செல்சியஸ் வரை சாதுவாக இருக்கும். அதைத் தாண்டிச் சூடேறினால் சிதைய ஆரம்பித்து, வாசனையோ நிறமோ தெரியாத புகையை விடும். வெப்பம் தரும் பல்பின் மேற்பரப்பு அந்தச் சூட்டை எட்டக்கூடியது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிக் கொட்டகையில் இப்படிப்பட்ட பூச்சுப் பல்புகளின் கீழே பிராய்லர் குஞ்சுகளை விட்டார்கள். சில மணி நேரத்திலேயே சாவு தொடங்கி, மூன்று நாளில் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் போய்விட்டன. நோயா, தீவனமா என்று தேடி, கடைசியில் பல்பின் பூச்சுதான் காரணம் என்று கண்டுபிடித்து 2000-ஆம் ஆண்டில் கோழி நோய் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள்.

மனிதனுக்கு ஒன்றும் ஆகாத புகை பறவையைக் கொல்வானேன்? பறவையின் நுரையீரல் அமைப்பே வேறு. உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள். ஒவ்வொரு மூச்சிலும் காற்று ஒரே திசையில் ஓடி, உள்ளே வருவதை ஒட்ட உறிஞ்சிக்கொள்ளும். பறப்பதற்காக இயற்கை கொடுத்த வரம், விஷக்காற்றில் அதுவே சாபம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கேனரி குருவியைக் கூண்டில் கொண்டுபோனார்கள். 1986 வரை அந்த வழக்கம் இருந்தது.

ஆகவே, குஞ்சு வளர்க்க 'உடையாதது', 'கோட்டிங் உள்ளது' என்று எழுதிய பல்பு எதையும் வாங்காதீர்கள். சாதாரண வெறும் கண்ணாடி குண்டு பல்பு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, போதும். ஃபிளாட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் வெறுமனே வைத்துவிட்டு போன் பேசப் போனால், அதே புகைதான் வரும். பறவை தப்பாது. மனிதருக்குக்கூட இந்தப் புகையை நிறைய சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்ஜுரம், இருமல், நெஞ்சு இறுக்கம் வரும். ஃப்ளூ என்று நினைத்து மருந்து சாப்பிட்டு, ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிட்டது என்பார்கள்.

கரண்ட் போனால்?

எங்கள் பாட்டி காலத்தில் மண்சட்டியில் கரி நெருப்புப் போட்டுக் குஞ்சுக்கு நடுவில் வைப்பார்கள். அது திறந்த கொட்டகைக்குச் சரி. இன்றைக்கு ஜன்னல் மூடிய அறையில் அதைச் செய்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து குஞ்சோடு மனிதரும் போக வேண்டியதுதான். அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றி மலைப்பிரதேசங்களிலிருந்து அடிக்கடி செய்தி படிக்கிறோம். கரண்ட் போனால் ஒரு பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி, இறுக மூடி, துணி சுற்றி டப்பில் வையுங்கள். குஞ்சுகள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆறினால் மாற்றுங்கள்.

இனி வீட்டு விளக்குகளுக்கு வருவோம்

இங்கே எல்.இ.டி.தான் என் தேர்வு. துணிக் குடை போட்ட டேபிள் லாம்ப், குழந்தை கைக்கு எட்டும் நைட் லாம்ப், திரைச்சீலைக்குப் பக்கத்து விளக்கு, இவற்றில் குண்டு பல்பு இனி வேண்டாம். பூஜை அறையில் எரியும் 'ஜீரோ வாட்ஸ்' சிவப்புப் பல்பு பெயரில்தான் ஜீரோ. குண்டு ரகமாக இருந்தால் 10 முதல் 15 வாட் வரை இழுக்கும், தொட்டால் சுடும். வருஷம் பூராவும் எரிகிற விளக்கு அது. அரை வாட் எல்.இ.டி. அதே வேலையைச் செய்யும்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் 'கே' என்று ஒரு எண் போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த பளீர் வெள்ளை, 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். நம் கடைகளில் கேட்காமலே கொடுப்பது 6500. ஹாலுக்கு, சமையலறைக்கு அது இருக்கட்டும். படுக்கையறைக்கு மஞ்சள்தான் நல்லது. நீலம் கலந்த வெளிச்சம் இரவில் மூளைக்குப் 'பகல்' என்று சொல்கிறது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. "தூக்கம் வரலை, ஏதாச்சும் லேகியம் குடுங்க" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, படுக்கையறையில் என்ன பல்பு போட்டிருக்கிறீர்கள் என்றுதான்.

விலை ரொம்ப மலிவாகப் பிளாட்பாரத்தில் விற்கும் எல்.இ.டி.யில் இரண்டு தொல்லை. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. படிக்கிற பிள்ளைக்குக் கண்வலி, தலைவலி. செல்போன் கேமராவை அந்தப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு அதிகம், படிக்கிற மேஜைக்கு அது ஆகாது. இரண்டாவது, மேல் மூடி கழன்று வந்தால் உள்ளே இருக்கும் தகட்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும், ஐ.எஸ். 16102 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சி.எஃப்.எல். பல்பு இன்னும் பல வீட்டில் பரணில் கிடக்கிறது. அதில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பது உண்மை. ஆனால் ரசத்தைச் சுத்தி செய்யப் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு அதன் ஆவி மேல் எப்போதும் ஒரு பயம் உண்டு. மூடிய அறையில் அதோடு விளையாடக் கூடாது என்பது எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை விவகாரம் பாதரசம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தது. மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-ல் சேர்ந்தது. வீட்டு சி.எஃப்.எல். உற்பத்தியை 2025-க்குள் முடித்துக்கொள்வதென்று அந்த நாடுகள் 2022-ல் முடிவெடுத்தன. வீட்டில் சி.எஃப்.எல். உடைந்தால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது பொடியை வீடெல்லாம் பரப்பும். கெட்டி அட்டையால் வாரி, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுத்து, மூடி உள்ள ஒரு பாட்டிலில் போட்டுவிடுங்கள்.

கொரோனா நேரத்தில் கிருமி கொல்ல என்று யூ.வி.சி. விளக்கு வாங்கியவர்கள் அதை நைட் லாம்பாகப் போட வேண்டாம். நீல வெளிச்சம் அழகாகத்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலை வாரிப் போட்டது போல் எரியும்.

சுட்டுவிட்டால்?

பல்பு சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். டூத் பேஸ்ட், பேனா மை, மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். சித்த வைத்தியரே மஞ்சள் வேண்டாம் என்கிறாரே என்று பார்க்காதீர்கள். சூடு உள்ளே இறங்குவதை நிறுத்துவது தண்ணீர் ஒன்றுதான். தோல் உரியாமல் வெறும் சிவப்பாக இருந்தால், குளிர்ந்த பிறகு சோற்றுக்கற்றாழைச் சோறு தடவலாம். எங்கள் மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் உண்டு, மருத்துவர் பார்த்த பிறகு போடுவது. கொப்புளம் பெரிதாக இருந்தால், முகம், கை, மூட்டுகளில் சுட்டிருந்தால், மின்சாரம் பாய்ந்திருந்தால் என்னைப் போன்றவர்களிடம்கூட நேரம் கழிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தக் குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பேஸ்ட்டைக் கழுவி எடுக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு விரலில் கொப்புளம், உள்ளங்கையிலும் ஒன்று. கையாச்சே என்று நானும் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது, விரல் நன்றாக மடங்குகிறது. மீதி நாலு குஞ்சுக்கு டப், 40 வாட் பல்பு, கம்பிக் கூண்டு என்று ஏற்பாடு மாறியது. குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும், முத்தம் கொடுக்கக் கூடாது என்று பாப்பாவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினேன். ஐந்தாவது வாரம் இறகு முளைத்ததும் பல்பைக் கழற்றிவிட்டார்கள். இப்போது நாலும் சேவல். சாயம் போட்டு விற்பது பெரும்பாலும் முட்டைக்கோழி ரகத்தில் ஒதுக்கிய ஆண் குஞ்சுகள்தான் என்று அந்த அம்மாவுக்கு அதற்கப்புறம்தான் தெரிந்ததாம்.